சானமாவுக் காடும் மரத்தொழிலும்

ஓசூரிலிருந்து இராயக்கோட்டைக்குச் செல்லும் சாலையில் சானமாவு என்னும் சிற்றூர் உள்ளது. ஊரை அடுத்துக் காப்புக்காடு ஒன்று பரந்து கிடக்கின்றது. காட்டுக்கு மேற்கே ஓசூரின் தொழிற்சாலைகள் வரிசையாய் நிற்கின்றன. வடக்கே, பெங்களூரையும் கிருஷ்ணகிரியையும் இணைக்கும் நெடுஞ்சாலையில் சரக்கு லாரிகள் இரவும் பகலும் ஓய்வின்றிச் செல்கின்றன. ஏனைத் திசைகளில் கேழ்வரகு, அவரை, தக்காளி முதலியன விளையும் வயல்கள் உள. கேழ்வரகு கதிர் முற்றும் பருவத்தில் பன்னேர்கட்டாக் காட்டினின்று புறப்படும் யானைக் கூட்டம் சவளகிரி, தளி, தேன்கனிக்கோட்டைக் காடுகளின் வழியே இங்கு வந்து தங்கும். இஃது ஆண்டுதோறும் நிகழ்வது. உழவர்கள் அக்காலத்தில் பரண்மேல் இருந்து விடியுமளவும் பயிரைக் காப்பர்.

இக்காட்டினுள் இன்று வணிகத்திற்காகக் கோடரி ஓங்கப்படுவதில்லை. ஆனால் காட்டின் எல்லையைக் கடந்து சில கல் தொலைவு சென்றால் மர அறுவை ஆலைகளின் வாளோசை செவியில் விழும். அங்கே அறுபடும் மரத்துள் ஒரு பகுதி நியூசிலாந்து நாட்டில் வளர்ந்து, கப்பலேறித் துறைமுகம் சேர்ந்து, அங்கிருந்து லாரியில் வந்தது. காட்டின் வாயிலில் இருக்கும் ஊருக்குக் கடல் கடந்து மரம் வருவானேன்? இவ்வினாவிற்கு விடை காண இருநூறு ஆண்டுக்கால வரலாற்றைச் சிறிது நோக்குதல் வேண்டும்.

பழந்தமிழர் மரத்தை அதன் உள்ளீட்டால் அறிந்தனர். புறத்தே வன்மையுடையவற்றைப் புல் என்றும், அகத்தே வன்மையுடையவற்றை மரம் என்றும் தொல்காப்பியம் மரபியலிற் பகுத்துரைக்கின்றது. அவ்வகையால் பனையும் தெங்கும் மூங்கிலும் புல்லினத்தைச் சேர்ந்தனவாகும். இக்காலத் தாவர நூலாரும் இவற்றை ஒருவித்திலை வகுப்பில் புல்லோடு சேர்த்தே எண்ணுகின்றனர். அகத்தே அமைந்த வன்மையைக் காழ் என்றும் வயிரம் என்றும் கூறுவர். அதனைச் சூழ்ந்த மெல்லிய வெளிர்ப்பகுதி வெளிறு எனப்படும். மரத்தொழிலின் பொருளியல் முழுவதும் இவ்விரு சொற்களுள் அடங்கும் எனினும் மிகையன்று. வெளிறு விரைவில் விளையும், விரைவில் உளுத்தும் போகும். வயிரம் பாய்வதற்குப் பல்லாண்டு வேண்டும். அதனால் அதன் விலையும் உயர்ந்து நிற்கும்.

ஓசூர், தேன்கனிக்கோட்டைப் பகுதிகளின் காடுகள் மழை குறைந்த இலையுதிர் காடுகள். காவிரியை நோக்கி இறங்கும் சரிவுகளில் ஆச்சா மரம் மிகுதி. அதன் வயிரம் இரும்பனைய வன்மையுடையது. நீரில் இட்டால் அமிழ்ந்துவிடும். வேங்கை, வாகை, உசில், மூங்கில், சந்தனம் ஆகியனவும் இங்கு உண்டு. ஊர்ப்புறத்தே புளியும் வேம்பும் கருவேலும் ஓங்கி நிற்கும். ஊர்த் தச்சர் இவற்றுள் ஒவ்வொன்றின் இயல்பையும் அறிந்து பயன்கொண்டனர். ஒரு மாட்டு வண்டிச் சக்கரத்தை நோக்கின், நடுவே குடம், அதினின்று விரியும் ஆரக்கால்கள், அவற்றைத் தாங்கிச் சூழும் வட்டை, வட்டையை இறுக்கும் இரும்புப் பட்டா எனப் பல உறுப்புக்கள் அதன்கண் அமைந்துள்ளன. சுமையின் அதிர்ச்சி ஓர் உறுப்பைத் தாக்கும் வகை வேறு, மற்றோர் உறுப்பைத் தாக்கும் வகை வேறு. பிளவாத மரம் ஒன்றிற்கும், வளையாத மரம் மற்றொன்றிற்கும் வேண்டும் என்பதைப் பள்ளி செல்லாத தச்சர் கைப்பழக்கத்தால் அறிந்திருந்தனர். வேலைக்குக் கூலியாக அறுவடைக் காலத்தில் தவசம் பெற்றனர். மரம் ஊரினது, தொழிலும் ஊரினது, பயனும் ஊரைவிட்டு நெடுந்தொலைவு சென்றதில்லை.

இந்நிலை மாறத் தொடங்கியது கும்பினியார் ஆட்சியில் எனலாம். 1792ஆம் ஆண்டு சீரங்கப்பட்டண உடன்படிக்கையால் பாராமகால் என்னும் கிருஷ்ணகிரிச் சீமை கும்பினியாருக்கு வந்தது. திப்பு சுல்தான் 1799இல் வீழ்ந்தபின் ஓசூர்ப் பகுதியும் அவர்தம் ஆட்சிக்கு உட்பட்டுச் சேலம் மாவட்டத்தோடு சேர்ந்தது. சேலத்துக் கஞ்சமலை இரும்புக் கற்களுக்குப் பெயர் பெற்றது. அப்பகுதிக் கொல்லர் இரும்பைச் சிறு மூசைகளில் இட்டு, ஆவிரை மரத்துண்டுகளைச் சேர்த்து, எருக்கிலையால் மூடி, மண்ணால் வாயடைத்து, கரித்தீயில் நெடுநேரம் ஊதிச் சிறந்த எஃகு செய்தனர். இத்தொழிலுக்கு வேண்டிய கரி சிறிதளவே. ஆதலின் வெட்டிய காடு மீண்டும் தழைக்க இடமிருந்தது.

சேலத்தில் கும்பினி அலுவலராயிருந்த ஜோசையா மார்ஷல் ஹீத் என்பார் இவ்விரும்பைப் பெருவாரியாகச் செய்யக் கருதினார். 1830ஆம் ஆண்டையொட்டிப் பரங்கிப்பேட்டையில் அவர் நிறுவிய உலைகள் கல்லையும் கரியையும் கொண்டே இயங்கின. கல்லுக்குக் குறைவில்லை, கரிக்கோ குறைவு வந்தது. பழைய முறையில் மூட்டம் போட்டால் நான்கு ஐந்து பாரம் விறகு எரிந்து ஒரு பாரம் கரியாகும். உலை பெரிதாகப் பெரிதாகச் சுற்றியிருந்த காடு குறுகிற்று. கரி நெடுந்தொலைவினின்று வரவேண்டியதாயிற்று. வண்டிச் சத்தம் கூடிற்று. இங்கிலாந்திலோ நிலக்கரி உலைகளின் இரும்பு மலிவாய் விற்றது. அந்நூற்றாண்டின் பிற்பகுதியில் பரங்கிப்பேட்டை உலைகள் அணைந்தன. இரும்புத்தொழில் ஒன்று விறகின்மையால் அழிந்தது என்பது இன்று கேட்பார்க்கு வியப்பாகத் தோன்றலாம்.

உலை அணைந்த பின்னரும் காட்டுக்கு ஓய்வு கிட்டவில்லை. 1856ஆம் ஆண்டு சூலைத் திங்களில் இராயபுரத்தினின்று வாலாசா சாலை வரை முதற் புகைவண்டி ஓடியது. எட்டு ஆண்டுகளுள் இருப்புப்பாதை சோலையார்பேட்டை வழியாகப் பெங்களூரைச் சேர்ந்தது. ஒரு மைல் பாதைக்கு 1,760 முதல் 2,000 வரை கட்டைகள் வேண்டும். 1850ஆம் ஆண்டையடுத்த காலத்தில் சென்னை மாகாணத்தில் மட்டும் ஆண்டுக்கு 35,000 மரங்கள் இக்கட்டைகளுக்காக வீழ்த்தப்பட்டன என்று வரலாற்று நூல்கள் கூறுகின்றன. மண்ணிற் புதைந்த கட்டை சில ஆண்டுகளில் உளுத்துவிடுதலால் மீண்டும் மீண்டும் மரம் தேவையாயிற்று. நிலக்கரி எளிதிற் கிடையாத தென்னாட்டில் எஞ்சினுக்கும் விறகே உணவாயிற்று. 1906ஆம் ஆண்டு மொரப்பூரிலிருந்து தருமபுரிக்கு ஒரு குறும்பாதை அமைந்தது. 1913இல் அது ஓசூர் வரை நீண்டது. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் அப்பாதை பெயர்த்தெடுக்கப்பட்டது. அப்போர்க்காலத்திலேயே பெட்ரோல் தட்டுப்பாட்டால் பேருந்துகளின் பின்புறத்தில் கரியடுப்பைப் பொருத்தி, அதினின்று எழும் வாயுவைக் கொண்டு வண்டி ஓட்டினர். ஏற்றம் வந்தால் பயணிகள் இறங்கித் தள்ளியதைக் கூறி நகைப்பார் அண்மைக்காலம் வரை இருந்தனர். நகைப்புக்கு இடனாயினும் அக்கரியும் காட்டினின்று வந்ததே.

காடு அழிவதை ஆட்சியாளர் அறியாமலில்லை. 1856ஆம் ஆண்டு ஹியூ கிளெக்ஹார்ன் என்னும் மருத்துவர் சென்னை மாகாணக் காடுகளுக்குக் காவலராக அமர்த்தப்பட்டார். செருமானிய அறிஞர் பிராண்டிஸ் இம்மாகாணக் காடுகளைப் பார்வையிட்டு அறிவுரை வழங்கினார். 1882ஆம் ஆண்டு சென்னை வனச்சட்டம் பிறந்தது. அச்சட்டத்தின் வழியே ஒதுக்கப்பட்டவையே இன்று காப்புக்காடு என வழங்கும் நிலங்கள். இச்சட்டத்தால் காடு ஓரளவு பிழைத்தது, இஃது உண்மை. ஆனால் அதுகாறும் ஆடு மேய்த்தும், கலப்பைக்குக் கொம்பு வெட்டியும், தேனும் விறகும் எடுத்தும் வாழ்ந்த மக்கள் ஒரே நாளில் அயலாராயினர். நேற்று உரிமையாயிருந்தது இன்று குற்றமாயிற்று. இருப்புப்பாதைக்குக் கட்டை வெட்டியவனுக்கு உரிமச் சீட்டு இருந்தது. ஏருக்கு மேழி வெட்டியவனுக்கு அஃது இல்லை. காட்டுக்கும் ஊருக்கும் இடையே அன்று விழுந்த பிளவு இன்றளவும் முற்றும் கூடிவிடவில்லை.

இப்பிளவின் ஆழத்தைக் காட்டச் சந்தனத்தின் வரலாறு ஒன்றே போதும். சந்தன மரம் வியப்பான இயல்புடையது. அதன் வேர் பக்கத்து மரங்களின் வேரைப் பற்றி உணவின் ஒரு பகுதியை அங்கிருந்து பெறும். துணை மரம் இல்லையேல் அது செழிக்காது. பறவைகள் பழத்தை உண்டு விதையைப் பரப்பும். வெளிற்றில் மணமில்லை, மணம் வயிரத்திலேயே உள்ளது. வயிரம் தோன்றப் பத்து ஆண்டுகளுக்கு மேலாகும். நல்ல விலை பெற முப்பது ஆண்டேனும் செல்ல வேண்டும். வேரிலும் எண்ணெய் மிகுதியாதலின், பிற மரங்களைப்போல் அடியில் வெட்டாமல் வேரொடு அகழ்ந்தே இதனை எடுப்பர்.

திப்பு சுல்தான் 1792ஆம் ஆண்டு சந்தனத்தை அரச மரம் என அறிவித்தார். அவருக்குப் பின் மைசூரை ஆண்டோரும் அவ்வழக்கத்தைக் கைவிடவில்லை. குடியானவனது நிலத்தில் முளைத்தாலும் சந்தனம் அரசனுக்கே உரியது. மைசூர்ச் சந்தனக் கட்டை நெடுங்காலம் செருமனிக்குச் சென்று அங்கே எண்ணெயாக வடிக்கப்பட்டது. 1914இல் முதல் உலகப் போர் மூண்டதும் அவ்வாணிகம் நின்றது. கட்டை கிடங்கில் தேங்கிற்று. அப்போது மைசூர் மன்னராயிருந்த நான்காம் கிருஷ்ணராச உடையாரும் திவான் விசுவேசுவரையரும் எண்ணெயை இங்கேயே வடிக்க முனைந்தனர். பெங்களூர் இந்திய அறிவியற் கழகத்துப் பேராசிரியர்கள் சட்பரோ, வாட்சன் இருவரும் அதற்குரிய முறையை ஆய்ந்து உதவினர். 1916இல் எண்ணெய் வடிக்கும் பணி தொடங்கிற்று. சின்னாளில் சந்தனச் சோப்பும் வந்தது. கட்டையாய் விற்றால் மரத்தின் விலை மட்டுமே கிடைக்கும். எண்ணெயாய், சோப்பாய் விற்றால் தொழிலின் விலையும் சேர்ந்து வரும். பொருளியல் நூலார் பல ஏடுகளில் விளக்கும் இவ்வுண்மையை மைசூர் அரசு ஒரு போரினால் கற்றுக்கொண்டது.

தமிழ்நாட்டுப் பக்கத்தில் சந்தனக் கட்டை திருப்பத்தூர், சத்தியமங்கலம் கிடங்குகளில் தரம் பிரிக்கப்பட்டு ஏலத்திற்கு வந்தது. இலை சிறுத்துக் கிளை முட்போல் குவிந்து மரமே பட்டுப்போகும் ஒரு நோய் 1899இல் குடகில் முதன்முதல் காணப்பட்டு, பின்னர்ச் சந்தனம் வளரும் பிற காடுகளிலும் பரவிற்று. நோயினும் கொடிதாயிருந்தது களவு. இதற்குச் சட்டமே ஒருவகையிற் காரணம். தன் நிலத்தில் முளைத்த சந்தனக் கன்றால் உழவனுக்கு ஊதியம் சிறிது, தொல்லையோ பெரிது. மரம் களவு போனால் அவனே விடை கூற வேண்டும். எனவே கன்று முளைத்த அன்றே அதனைக் கிள்ளி எறிதல் அறிவுடைமையாயிற்று! வளர்ப்பார் இன்றி, வெட்டுவார் மட்டும் மிக்கனர். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் ஆயிரக்கணக்கான டன்னாக இருந்த இந்திய நாட்டுச் சந்தன விளைவு பிற்காலத்தில் சில நூறு டன்னாகச் சுருங்கிற்று. விலை ஏறியது, விலை ஏற ஏறக் களவும் ஏறியது. சத்தியமங்கலம், மாதேசுவரன் மலைக் காடுகளில் வீரப்பன் கூட்டத்தார் நடத்திய கொள்ளையும் கொலைகளும் நாடறிந்தவை. 2004ஆம் ஆண்டு அக்டோபர் 18ஆம் நாள் தருமபுரி மாவட்டத்துப் பாப்பாரப்பட்டி அருகே அவன் சுட்டுக் கொல்லப்பட்டான்.

களவைத் தடுக்கச் சென்றோரே கொடுமை இழைத்த நிகழ்ச்சியும் இம்மண்ணில் உண்டு. அன்றைய தருமபுரி மாவட்டத்தில் அரூரை அடுத்த வாச்சாத்தி, மலைவாழ் மக்களின் ஊர். 1992ஆம் ஆண்டு சூன் 20ஆம் நாள், சந்தன மரம் பதுக்கியிருப்பதாகக் கூறி, வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் அவ்வூரிற் புகுந்தனர். வீடுகள் சூறையாடப்பட்டன, ஆடு மாடுகள் கொல்லப்பட்டன, கிணறுகள் பாழாக்கப்பட்டன. பெண்கள் 18 பேர் சொல்லொணாக் கொடுமைக்கு ஆளாயினர். வழக்கு 19 ஆண்டுகள் நடைபெற்றது. குற்றஞ்சாட்டப்பட்ட 269 பேருள் 54 பேர் அதற்குள் இறந்தனர். எஞ்சிய 215 பேரும் குற்றவாளிகளே எனத் தருமபுரி நீதிமன்றம் 2011ஆம் ஆண்டு செப்டம்பர் 29ஆம் நாள் தீர்ப்பளித்தது. சென்னை உயர்நீதிமன்றம் 2023ஆம் ஆண்டு அதே நாளில் அத்தீர்ப்பை உறுதி செய்தது. வழக்கில் உறுதியாக நின்றோர் எழுத்தறிவும் பொருள் வளமும் இல்லாத அவ்வூர்ப் பெண்களே. ஒரு மரத்தின் வயிரத்துக்கு இத்துணை விலை கொடுத்த மக்கள் வேறெங்கும் உளரோ என எண்ணத் தோன்றுகின்றது.

காலந்தாழ்த்தேனும் சட்டம் திருந்திற்று. கர்நாடகம் 2001ஆம் ஆண்டிலும் தமிழ்நாடு 2002ஆம் ஆண்டிலும் நிலத்துக்குரியவனே தன் நிலத்துச் சந்தனத்துக்கு உரியவன் ஆகும்படி விதிகளைத் தளர்த்தின. விற்பனை இன்னும் அரசின் கட்டுப்பாட்டுக்கு உட்பட்டதே. இதற்கிடையில் மேற்கு ஆசுதிரேலியாவில் குனுனுர்ரா என்னுமிடத்தில் இந்தியச் சந்தனத்தையே ஆயிரக்கணக்கான ஏக்கரில் பயிரிட்டு விட்டனர்.

பிற மரங்களின் கதையும் இதனோடு தொடர்புடையதே. 1980ஆம் ஆண்டு வனப் பாதுகாப்புச் சட்டம் காட்டு நிலத்தை வேறு பணிக்குத் திருப்புவதைக் கட்டுப்படுத்தியது. 1988ஆம் ஆண்டு வனக்கொள்கை, மரம் வேண்டும் ஆலைகள் தமக்குரிய மரத்தை உழவரைக் கொண்டு விளைவித்துக் கொள்ள வேண்டுமெனக் கூறியது. 1996ஆம் ஆண்டு டிசம்பர் 12ஆம் நாள் உச்சநீதிமன்றம், நீலம்பூரைச் சேர்ந்த கோதவர்மன் திருமுல்பாட் தொடுத்த வழக்கில், ‘காடு’ என்னும் சொல்லுக்கு அகராதி கூறும் பொருளையே கொள்ள வேண்டுமென்றும், காட்டினுள் உரிய ஒப்புதல் இன்றி இயங்கும் அறுவை ஆலைகள் நிற்க வேண்டுமென்றும் ஆணையிட்டது. ஓர் அகராதிச் சொற்பொருள் ஒரு நாட்டின் மரத்தொழிலைத் திருப்பிய அருமையைத் தமிழ் பயில்வோர் நினைவிற் கொள்ளலாம்.

இனி மரம் விளைய வேண்டிய இடம் பட்டா நிலமே. அங்கே காலமே முதலாகின்றது. சவுக்கு மூன்று நான்கு ஆண்டுகளில் வெட்டுக்கு வரும். தைலமரத்துக்கு ஐந்து முதல் ஏழு ஆண்டு. ஒட்டுப்பலகைக்கு உதவும் மலைவேம்புக்கும் ஏறத்தாழ அவ்வளவே. தேக்குக்கும் சந்தனத்துக்கும் ஒரு தலைமுறை காத்திருக்க வேண்டும். முப்பது ஆண்டுக்குப் பின் வரும் இலட்சத்தைக் காட்டிலும் இவ்வாண்டு கடனுக்கு வட்டி கட்ட உதவும் ஆயிரமே ஏழை உழவனுக்குப் பெரிது. அதனால் விரைவில் வளரும் மரங்களே பெருகுகின்றன. வயிரம் பாய்ந்த மரம் அருகி, அதன் இடத்தை இறக்குமதி நிரப்புகின்றது. கடல் கடந்து மரம் வருவதற்குரிய காரணங்களுள் இது தலையாயது.

விற்கும் உழவன் அறிந்திருக்க வேண்டிய கணக்கு ஒன்றும் உண்டு. மரவாடிகளில் உருண்டை மரத்தை அளக்குங்கால் சுற்றளவை நான்கால் வகுத்து, அதனை அதனாலேயே பெருக்கி, நீளத்தாற் பெருக்குவர். சுற்றளவு 4 அடியும் நீளம் 10 அடியும் உள்ள மரம் இம்முறையில் 10 கனஅடி. வட்டத்துக்குரிய மெய்க்கணக்கில் அது 12.73 கனஅடி ஆகும். எனவே மரத்தில் நூற்றுக்கு 21 பங்குக்கு மேல் கணக்கில் ஏறுவதில்லை. பட்டையும் வெளிறும் சீவலும் கழிவாதலின் இத்தள்ளுபடி என்பர் வணிகர். அதில் உண்மை இல்லாமலில்லை; ஆனால் கழிந்த சீவலும் மரத்தூளும் விறகாகவோ பலகையாகவோ விலைபோகும்போது அவ்விலை உழவனைச் சேர்வதில்லை.

இனி, ஓசூர்த் தொழிற்சாலைகளுக்கு மரம் எதற்கு? தமிழ்நாடு அரசின் சிப்காட் நிறுவனம் 1970ஆம் ஆண்டையடுத்து இங்குத் தொழிற்பேட்டை அமைத்தபின் மோட்டார் வண்டிகளும் கைக்கடிகாரங்களும் எந்திர உறுப்புக்களும் செய்யும் ஆலைகள் பல தோன்றின. செய்த பொருளைச் சிப்பமாக்கிக் கப்பலேற்ற மரப்பெட்டியும், பாரந்தாங்கும் அடித்தட்டும் வேண்டும். அடித்தட்டைப் ‘பேலட்’ என வழங்குவர். எஃகால் ஆன எந்திரம் மரத்தின் மேல் அமர்ந்தே கடல் கடக்கின்றது. ஆனால் அம்மரத்தினுள் பூச்சி ஒளிந்து சென்று அயல்நாட்டுக் காட்டை அழித்தலும் உண்டு. 1996ஆம் ஆண்டு நியூயார்க்கில் கண்டறியப்பட்ட நீள்கொம்பு வண்டு சீனத்து மரப்பெட்டிகளின் வழியே வந்ததென்பர். இதனால் 2002ஆம் ஆண்டு பல நாடுகளும் ஒரு விதியை ஏற்றன. அதன்படி, பெட்டி மரத்தின் நடுப்பகுதி 56 பாகை செல்சியசு வெப்பத்தில் தொடர்ந்து 30 நிமிடம் இருத்தல் வேண்டும். அல்லது உரிய நச்சுப்புகை ஊட்டல் வேண்டும். பின்னர்க் கோதுமைக் கதிர் வடிவுள்ள முத்திரை பொறிக்கப்படும். முத்திரையில்லாத பெட்டி துறைமுகத்தினின்று திருப்பப்படலாம். பல கோடி பெறும் சரக்கு சில நூறு ரூபாய்ப் பலகையால் தடைப்படுவது வணிகத்தின் விந்தைகளுள் ஒன்று.

இவ்வேலைக்கு வயிரமரம் வேண்டா. இலேசான, ஒரே சீரான பைன் மரமே ஏற்றது. அது குளிர்நாடுகளில் மலிவு. தச்சரின் நிலையும் இதனால் மாறியது. ஆரக்காலுக்குத் துளையிட்ட கை இன்று ஆணியடிக்கும் எந்திரத்தைப் பிடிக்கின்றது. அன்று ஆண்டுக்கொருமுறை தவசம், இன்று வாரக்கூலி. இளைஞர் பலர்க்கு இது வாழ்வளிக்கின்றது. அதனை இகழ்தல் தகாது. எனினும் ஒரு மரத்தைத் தட்டிப் பார்த்தே அதன் உள்ளீட்டைச் சொல்லும் திறம் அவர்தம் பாட்டனாரோடு போயிற்று. பெங்களூரில் 1938ஆம் ஆண்டு தோன்றிய வன ஆய்வுக்கூடம் இன்று மர அறிவியல் தொழில்நுட்பக் கழகமாக வளர்ந்து, மரத்தை உலர்த்தவும் உளுக்காது காக்கவும் வழி கூறிவருகின்றது. அவ்வறிவு சிறு பட்டறைகளுக்கு வந்து சேரும் வழிதான் இன்னும் குறுகலாயுள்ளது.

காட்டை மரக்கணக்கால் மட்டும் மதிப்பிட்ட காலம் ஒன்றிருந்தது. இன்று சானமாவுக் காடு ஒரு கனஅடி மரமும் தருவதில்லை. ஆனால் வளர்ந்த யானை ஒன்றுக்கு நாள்தோறும் ஏறத்தாழ 150 கிலோ தழையும் புல்லும் வேண்டும். நூறு லிட்டருக்கு மேல் நீர் வேண்டும். காடு சிறிது, யானைக்கூட்டம் பெரிது. 2014ஆம் ஆண்டு காவிரி வடக்கு வனவிலங்குப் புகலிடம் ஏற்பட்டு, தேன்கனிக்கோட்டை, அஞ்செட்டிப் பக்கத்துக் காடுகளுக்குக் காப்பு மிகுந்தது. ஆயினும் யானை தன் பழவழியையே நாடிச் சானமாவுக்கு வருகின்றது. அவ்வழியில் இப்போது தொழிற்சாலை மதிலும் நெடுஞ்சாலையும் குறுக்கிடுகின்றன. மார்கழிப் பனியில் நெடுஞ்சாலையோரம் வனக்காவலர் விளக்கேந்தி நின்று லாரிகளை நிறுத்துவர். பெட்டிகளில் அடைத்த எந்திரங்களைச் சுமந்த வண்டிகள் வரிசையாய்க் காத்து நிற்க, யானைகள் குட்டிகளை நடுவே விட்டுச் சாலையைக் கடந்து கேழ்வரகு வயலை நோக்கி நடக்கும். அங்கே பரணில் இருக்கும் உழவன் தகரத்தைத் தட்டத் தொடங்குவான்.